அடைக்கலப் பொருள்

பிறர்க்கு உபகாரம் செய்தல் எளிதென்று எண்ணுவோர் பலர். யானும் அவருள் ஒருவனாயிருந்தேன். அண்டை வீட்டார் இல்லாத வேளையில் அவர்க்கு வரும் பார்சலை வாங்கிவைத்தல், இருந்த இடத்திலிருந்தே செய்யத்தக்க உபகாரமாதலின், அதனை ஒரு பொருட்டாகவும் யான் கருதியதில்லை. கதவைத் திறக்கிறோம்; கையை நீட்டுகிறோம்; வாங்குகிறோம்; வைக்கிறோம். இதிற் பிழை நேர்தற்கு இடம் யாது? அவ்விடம் யாதென்பதை எனது அறுபத்துமூன்றாம் வயதில் ஓர் இளைஞன் எனக்குக் கற்பித்தான். நம் கல்லூரியில் யான் கற்றவற்றோடு சேர்த்து வைத்தற்குரிய பாடமாக அஃது இருத்தலின், இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

யான் வசிப்பது சென்னையில் புரசைவாக்கத்தின் கண்ணுள்ள ஒரு சிறு தெரு. சென்னையிற் குடியிருந்தார் யாவரும் அறிந்த ஒரு சங்கடம் எங்கள் தெருவிலும் உண்டு. மாநகராட்சியார் வீடுகளுக்குப் புதிய எண் இட்டபோது, பழைய எண்ணை எவரும் கைவிட்டாரில்லை. ஆகவே வாயில்தோறும் இரண்டு எண்கள் இன்றும் விளங்குகின்றன. எங்கள் வீட்டின் பழைய எண் 8. புதிய எண் 17. எதிர்ச்சாரியில் சற்றுத் தள்ளியுள்ள வீட்டின் பழைய எண் 17. புதிய எண் 36. விலாசம் எழுதுவோர் ‘பழைய’ என்றும் ‘புதிய’ என்றும் குறியாமல் வெறும் 17 என்று எழுதிவிடுவாராயின், அப்பொருள் எவ்வீட்டுக்குச் செல்லும் என்பது கொண்டுவருபவனுடைய கால் எப்பக்கம் திரும்புகின்றது என்பதைப் பொறுத்தது.

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் முதல் நம் நாட்டுத் தபால் இலாகாவினர் ஆறு இலக்கமுள்ள பின்கோடு என்னும் எண்முறையை வழங்கி வருகின்றனர். முதல் மூன்றிலக்கம் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தையும், பின் மூன்றிலக்கம் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தையும் காட்டும். 600 என்று தொடங்கினால் சென்னை என்று கண்டுகொள்ளலாம். எத்துணைப் பெரிய தேசத்தின் எம்மூலையிலிருந்து புறப்பட்ட பொதியும் இவ்வாறிலக்கத்தின் துணையால் உரிய தபால் நிலையத்தை வந்தடைந்துவிடுகின்றது. ஆயினும், அங்கிருந்து உரிய வாயிற்படிக்கு வந்து சேர்தற்கு எண் மாத்திரம் போதாது. மனிதரை அறிந்த மனிதர் ஒருவர் வேண்டும். முற்காலத்து எங்கள் தபால்காரர் அத்தகையவர். பதினேழு என்று மட்டும் எழுதியிருந்தாலும், பெயரைப் பார்த்த மாத்திரத்தில், “இது கண்ணாடி போட்ட பெரியம்மா வீட்டுக் கடிதம்” என்று நேரே சென்றுவிடுவார். இக்காலத்திலோ பல கூரியர் நிலையங்களின் இளைஞர்கள் பைகளைத் தோளிற் சுமந்து இருசக்கர வண்டிகளில் விரைகின்றனர். இம்மாதம் வந்தவர் அடுத்த மாதம் வருவதில்லை. தெருவை அறிந்துகொள்வதற்குள் அவர் வேறு தெருவுக்கு மாற்றப்படுகின்றார். குற்றம் அவருடையதன்று.

இக்காரணங்களால் எதிர்வீட்டாருக்கும் அண்டையிலுள்ளார்க்கும் உரிய பொருள்கள் பல எங்கள் வாயிலுக்கு வரலாயின. யானோ உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன். அழைப்புமணி ஒலித்தால் எழுந்து செல்வதே எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆதலின், “கொடு தம்பி, நானே சேர்ப்பித்து விடுகிறேன்” என்று வாங்கிவைப்பது எனக்கு வழக்கமாயிற்று. சில ஆண்டுகளில் எங்கள் வாசலறை ஒரு சிறு தபால் நிலையமாகவே மாறிற்று. தெருவிலுள்ளார், “பார்சல் வரவில்லையா? ஐயா வீட்டில் கேட்டுப் பாருங்கள்” என்று சொல்லுமளவுக்கு என் புகழ் பரவிற்று. புகழ் என்பது மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பின்னர்ச் சொல்லுவேன்.

ஒருமுறை சேலத்திலிருந்து மாம்பழப்பெட்டி ஒன்று வந்தது. அடுத்த வீட்டார்க்கு அவர்தம் மைத்துனர் அனுப்பியது. அவர்களோ திருச்செந்தூருக்குச் சென்றிருந்தார்கள். கைப்பேசியில் அழைத்தும் அவர்கள் எடுத்திலர். முதல் நாள் பெட்டி பேசாமல் இருந்தது. இரண்டாம் நாள் அதன் மணம் வாசலறை முழுதும் பரவிற்று. மூன்றாம் நாள் சமையலறை வரையில் வந்துவிட்டது. என் பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பெட்டியைச் சுற்றிவந்து, “தாத்தா, அழுகிப்போனால் யாருக்குப் பயன்?” என்று நியாயம் பேசத் தொடங்கினர். வழக்குரைஞராயுள்ள என் நண்பரிடம் இதனை நகைச்சுவையாகச் சொன்னேன். அவரோ நகையாது சட்டத்தை எடுத்துரைத்தார்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கெல்லாம் விதி உண்டாம். பிறனொருவனுடைய பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைத்துக்கொள்பவன், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவனுக்குரிய பொறுப்பனைத்தும் உடையவன் என்று 71-ஆம் பிரிவு கூறுகின்றது. அப்பொறுப்பின் அளவு யாதெனில், இயல்பான முன்யோசனையுள்ள ஒருவன் அத்தகைய தன் பொருளை எவ்வளவு கருத்தோடு காப்பானோ, அவ்வளவு கருத்து என்று 151-ஆம் பிரிவு வரையறுக்கின்றது. கூலி பெற்றுக் காத்தாலும் கூலியின்றிக் காத்தாலும் அளவு ஒன்றே. “கண்டெடுத்த பொருள் கெட்டழியுந் தறுவாயில் இருந்து, உரியவரையும் தேடிக் காணக் கூடாவிடின், அதனை விற்கலாம் என்று 169-ஆம் பிரிவு இடந்தருகின்றது. விற்கலாம் என்றதேயன்றித் தின்னலாம் என்று எங்கும் சொல்லவில்லை. உமக்கோ உரியவர் இன்னார் என்று தெரியும், ஆகவே அச்சலுகையும் இல்லை” என்றார் நண்பர். பேரப்பிள்ளைகள் இத்தீர்ப்பைக் கேட்டு மிகவும் வருந்தினர். நல்லூழாக அன்றிரவே அடுத்த வீட்டார் தொலைபேசியில் பேசி, “எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஐயா” என்றனர். சட்டமும் நாவும் ஒருங்கே திருப்தியடைந்தன.

மற்றொருமுறை, பொருளைப் பெறும்போதே விலையைச் செலுத்தவேண்டிய பார்சல் ஒன்று வந்தது. இம்முறை நமக்குப் புதியதன்று; வி.பி.பி. என்னும் பெயரால் இந்தியத் தபால் இலாகாவினர் 1877-ஆம் ஆண்டிலேயே இதனைத் தொடங்கினர். பக்கத்து மாடியிலுள்ளார்க்கென்று எண்ணி, 640 ரூபாயை யானே கொடுத்து வாங்கினேன். மாலையில் அவர், “நான் ஒன்றும் வரவழைக்கவில்லையே, ஐயா” என்றார். பிரித்துப் பார்த்தபோது ஒரு சோடிக் காலணி இருந்தது; அதுவும் இரண்டும் இடக்காலுக்குரியவை. அன்று முதல், உரியவரைக் கேளாமல் பணம் செலுத்தி எதனையும் வாங்குவதில்லை என்று உறுதிகொண்டேன்.

இவை யாவும் சிரித்து மறக்கத்தக்கவை. இனிச் சொல்லப்போவது அத்தகையதன்று.

2024-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், வியாழக்கிழமை. அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸ் வண்டியிற் பொங்கலுக்காக எங்கள் ஊருக்குப் புறப்படவேண்டும். வீடெங்கும் பெட்டிகள் திறந்து கிடந்தன. பிற்பகல் மூன்று மணியளவில் அழைப்புமணி ஒலித்தது. இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் சிறு பெட்டி ஒன்றைக் கையில் ஏந்தி நின்றான். “பதினேழாம் எண் இதுதானே, ஐயா?” என்றான். பெயரைப் பார்த்தேன், எதிர்ச்சாரியிலுள்ள பழைய பதினேழாம் எண் வீட்டு அம்மையாருடையது. அதனை அவனிடம் சொன்னேன். அவன் திரும்பி அவ்வீட்டை நோக்கினான். பூட்டியிருந்தது. அவனுடைய பையில் இன்னும் முப்பது நாற்பது பொதிகள் இருந்தன. அவனது முகத்திலிருந்த களைப்பைக் கண்டு, “கொடு தம்பி, நான் சேர்ப்பித்து விடுகிறேன்” என்றேன். அவன் சற்றுத் தயங்கினான். பின்பு, “உங்களை நம்பித்தான் கொடுக்கிறேன், ஐயா” என்று சொல்லி, பெட்டி என் கையிலிருக்கும் நிலையில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு விரைந்து சென்றான்.

அப்பெட்டியை வாசலறை அலமாரியில் வைத்தேன். சிறிது நேரத்தில் என் மனைவி, ஊருக்குப் போகுமுன் ஒழுங்கு செய்யவேண்டுமென்று, பழைய செய்தித்தாள்களைக் கட்டி அதன்மேல் வைத்தாள். இரவு வண்டியேறினோம். அப்பெட்டி என் நினைவினின்றும் அறவே அகன்றது. பொங்கல் கழிந்தது; உறவினர் வீடுகளுக்குச் சென்றோம்; தாமிரபரணியில் நீராடினோம். பதினொரு நாள் ஒருமுறையேனும் அஃது என் நினைவுக்கு வந்திலது.

அவ்வம்மையாருக்கு வயது எழுபத்தெட்டு. கணவரை இழந்து தனியே வாழ்பவர். அவருடைய மகள் கோயம்புத்தூரில் இருக்கின்றாள். அப்பெட்டியினுள் இருந்தது, பழுது பார்ப்பதற்காகக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்னர் அனுப்பப்பட்டிருந்த அவரது செவிக்கருவி. அஃதின்றி அவர்க்கு அழைப்புமணியும் கேளாது; கைப்பேசியில் மகள் பேசுவதும் கேளாது. யான் வாங்கிய அந்நேரத்தில் அவர் மருந்து வாங்கிவரக் கடைக்குச் சென்றிருந்தாராம். பொருள் வரவில்லையென்று மறுநாள் முதல், மணியோசை கேளாமற் போய்விடுமே என்றஞ்சி, காலை பத்து மணி தொடங்கி மாலை வரையில் வாயிலில் ஒரு நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். பொங்கலன்று மகள் அழைத்தபோது பக்கத்து வீட்டுச் சிறுமி கைப்பேசியை வாங்கிக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் காகிதத்தில் எழுதிக் காட்டினாளாம். இவையெல்லாம் பின்னர் யான் அறிந்தவை.

22-ஆம் நாள், திங்கட்கிழமை காலை ஊரிலிருந்து திரும்பினோம். அம்மையார் வாயிலில் அமர்ந்திருத்தலைக் கண்டேன். “சௌக்கியமா, அம்மா?” என்று கேட்டேன். அவர் கேளாதவராய்ப் புன்னகை செய்தார். யானும் கையை அசைத்துவிட்டு உள்ளே சென்றேன். வெயிலில் ஏன் அமர்ந்திருக்கின்றார் என்று வினவவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. பிழைகள் பலவற்றுள்ளும் இதனை நினைக்குந்தோறும் யான் நாணுகின்றேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அழைப்புமணி ஒலித்தது. அவ்விளைஞன் நின்றான். தோளிற் பையில்லை. கைப்பேசியை என் முன் நீட்டி, “ஐயா, இந்தப் பச்சைக் கதவு உங்கள் வீட்டுக் கதவுதானா?” என்று மெல்லக் கேட்டான். படத்தைப் பார்த்தேன். பச்சைக் கதவும், ஒரு சிறு பெட்டியும், அதனைப் பிடித்திருந்த ஒரு கையும் தெரிந்தன. அக்கையிலிருந்த கடிகாரம் என்னுடையது. அப்போதும் அதே கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் என்னைக் குறைகூறவில்லை. அந்தப் பத்து நாளில் இருமுறை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியதை மட்டும் சொன்னான். வினவியபின் மற்றவற்றையும் சொன்னான். பொருள் சேர்ப்பிக்கப்பட்டதாக அவனுடைய நிலையத்துக் கணக்கிற் பதிவாகியிருக்கின்றது. உரியவரோ கிடைக்கவில்லை என்கின்றார். ஆகவே பொருளின் விலை ஒன்பதாயிரம் ரூபாயை, மாதம் மூவாயிரமாக மூன்று தவணையில், அவன் சம்பளத்திற் பிடிப்பதென்று மேலாளர் தீர்மானித்துவிட்டார். பிறர் கையிற் கொடுத்தது விதிக்கு மாறாம்.

அலமாரியைத் திறந்து, செய்தித்தாட்கட்டை நீக்கினேன். பெட்டி வைத்தபடியே இருந்தது. அதனைக் கையிலெடுத்த கணத்தில் என் உள்ளத்திற் பிறந்த எண்ணத்தை மறையாது எழுதுகின்றேன். ‘அம்மையாரிடம், இது தவறாக வேறெங்கோ சென்று இன்றுதான் என் கைக்கு வந்தது என்று சொன்னால் என்ன?’ என்பதே அவ்வெண்ணம். தெருவில் எனக்கிருந்த நற்பெயர் அப்படி என்னைப் பேசச் செய்தது. மாசற்ற ஒருவன் மூவாயிரம் மூவாயிரமாக இழந்துகொண்டிருக்கையில், யான் என் பெயரைக் காத்துக்கொள்ள வழி தேடினேன். நிமிர்ந்து பார்த்தேன். அவ்விளைஞன் பெட்டியைக் கண்டதும் இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அதன்பின் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. “வா தம்பி, இருவரும் போவோம்” என்று அவனையும் அழைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

அம்மையார் நாற்காலியில் அமர்ந்திருந்தார். “அம்மா, இது பதினோராம் தேதியே என்னிடம் வந்துவிட்டது. நான்தான் மறந்துவிட்டேன்” என்றேன். அவர் செவியிற் கைவைத்து, “என்ன சொல்கிறீர்கள்?” என்றார். குரலை உயர்த்தி மீண்டும் சொன்னேன். விளங்கவில்லை. மூன்றாம் முறை, “நான்தான் மறந்துவிட்டேன்! இந்தத் தம்பிமேல் குற்றமில்லை!” என்று உரக்கக் கத்தினேன். மாடங்களில் துணி எடுத்துக்கொண்டிருந்தோர் எட்டிப் பார்த்தனர். கோலிவிளையாடிய சிறுவர் ஆட்டத்தை நிறுத்தினர். தெரு முழுதும் என் வாக்குமூலத்தைக் கேட்டது. கேட்கவேண்டிய ஒருவர்க்கு மட்டும் அது கேட்கவில்லை.

இறுதியில் இளைஞனே பெட்டியைப் பிரித்துக் கருவியை அவர் கையிற் கொடுத்தான். அவர் அதனைப் பொருத்திக்கொண்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தெருவின் ஓசைகள் ஒவ்வொன்றாக அவரிடம் திரும்பி வந்தன போலும். பின்பு என்னை நோக்கி, “இப்போது சொல்லுங்கள், ஐயா. என்ன சொன்னீர்கள்?” என்றார். நான்காம் முறையாக, மெல்லிய குரலில் சொன்னேன். கத்திச் சொன்ன மும்முறையினும் இந்நான்காம் முறையே எனக்குக் கடினமாயிருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பொங்கலுக்கு என் பெண் என்ன பேசினாள் என்று எழுத்திலேதான் பார்த்தேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

மறுநாள், நடந்தவற்றையெல்லாம் தேதியோடு எழுதிக் கையொப்பமிட்டு அக்கூரியர் நிலையத்தாருக்கு அனுப்பினேன். அம்மையாரின் மகளும் பொருள் கிடைத்ததென்று எழுதினாள். ஆயினும் கணக்கில் ஏறிய குற்றம் எளிதில் இறங்குவதில்லை. சனவரிச் சம்பளத்தில் மூவாயிரம் ரூபாய் பிடிக்கப்பட்டுவிட்டது. அத்தொகையை யான் அவனிடம் கொடுத்தேன். முதலில் மறுத்தான், பின்பு, “கடனாக வாங்கிக்கொள்கிறேன், ஐயா” என்றான். மார்ச்சு மாதம் அவனுக்குரிய பணம் திரும்பக் கிடைத்தது. கிடைத்த அன்றே ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஓர் உறையிலிட்டு வந்து என்னிடம் எண்ணிக் கொடுத்தான். என்னிடம் ஒப்புவித்த பொருள் பதினொரு நாள் கிடந்தது. அவனிடம் யான் ஒப்புவித்த பணமோ ஒரு நாளும் தாழ்க்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் ‘அடைக்கலக் காதை’ என்றொரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். பின்னர் நேர்ந்த கேட்டிற்கு மாதரி காரணமல்லள். ஆயினும், அடைக்கலம் இழந்தோமே என்று ஆற்றாது அவள் தீயிற் புகுந்தாள் என்று அந்நூல் கூறுகின்றது. கல்லூரியில் அதனைப் படித்தபோது, இஃது என்ன மிகை என்று நண்பர்களோடு பேசிச் சிரித்தோம். இன்று அங்ஙனம் சிரிக்க எனக்கு இயலவில்லை. அடைக்கலம் என்னும் சொல்லின் கனத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இப்பொழுதும் யான் அண்டையார்க்குரிய பொருள்களை வாங்கிவைக்கின்றேன். நிறுத்திவிடலாமென்று முதலில் எண்ணியதுண்டு. ஆனால் வெயிலிற் சுமந்து வருகின்றவனை வீணே திருப்பியனுப்புதல் பிழைக்குப் பரிகாரமாகாது. வாங்கும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். விலாசம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தபின்னரே கையை நீட்டுகின்றேன். கொண்டுவந்தவன் வாயிலில் நிற்கும்போதே உரியவரைக் கைப்பேசியில் அழைத்து அவர் சம்மதத்தைக் கேட்கின்றேன். ஊருக்குப் புறப்படும் நாளில் எதனையும் வாங்குவதில்லை. வாங்கியதை அலமாரியில் வையாது, வெளியே செல்லும்போது காலில் இடறும்படி கதவருகே வைக்கின்றேன். ஒரு குறிப்புப் புத்தகமும் வைத்திருக்கின்றேன். வந்த நாள், பெயர், கொடுத்த நாள், பெற்றவர் கையொப்பம் என நான்கு கட்டங்கள் அதில் உண்டு. என் பேரன் இதனைக் கண்டு, “தாத்தா மறுபடியும் உத்தியோகத்துக்குப் போகிறார்” என்று நகைக்கின்றான்.

மாணவ நண்பர்காள்! விடுதியில் வாழும் உங்களிடமும் பிறர்க்குரிய கடிதமும் பணமும் பெட்டியும் நாள்தோறும் வந்து சேரும். “நான் கொடுத்துவிடுகிறேன்” என்று சொல்லுதல் ஒரு நொடிச் செயல். அச்சொல்லை நம்பி ஒருவன் வண்டியேறிச் செல்கின்றான். மற்றொருவர் எங்கோ வாயிலில் அமர்ந்து காத்திருக்கின்றார். இருவரையும் நாம் காண்பதில்லை. அப்பொருளை உரியவர் கையிற் கொடுக்கும்வரை நம் சொல் நிறைவேறியதாகாது.

எதிர்வீட்டு அம்மையார் இன்றும் மாலையில் வாயிலில் நாற்காலியிட்டு அமர்கின்றார், இப்போது காற்றுக்காக. யான் தெருவிற் செல்லும்போது மெல்ல, “சௌக்கியமா, அம்மா?” என்பேன். “நன்றாகக் கேட்கிறது, ஐயா” என்பார்.